கவிதைத் தொகுப்புக்கு டிரெய்லர்: எதைக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது?

முதல்தொகுப்பு எழுதியது, நவம்பர் 6

அனைவருக்கும் வணக்கம். என் முதல் கவிதைத் தொகுப்பு வரும் சனவரியில், சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி வெளிவருகிறது. தொகுப்பில் 58 கவிதைகள் இருக்கின்றன. தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களும் அங்கே உப்பு வாரும் பெண்களுமே பெரும்பாலான கவிதைகளின் களம். என் அம்மா 31 ஆண்டுகள் அளத்து வேலைக்குப் போனவர் என்பதால் வேறு எதையும் நான் முதலில் எழுதியிருக்க முடியாது.

நூலுக்கு ஒரு டிரெய்லர் செய்து தரும்படி பதிப்பாளர் கேட்கிறார். செலவை அவரால் ஏற்க முடியாது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் திருமணப் படம் எடுக்கும் அண்ணன் ஒருவரிடம் ட்ரோன் இருக்கிறது. பெட்ரோல் செலவு மட்டும் போதும் என்கிறார். அவர் மனத்தில் இருக்கும் வடிவம் இது: வானிலிருந்து வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரங்கள், புல்லாங்குழல் இசை, ஐந்தாறு கவிதைகளிலிருந்து எடுத்த நல்ல வரிகள் எழுத்தெழுத்தாகத் திரையில் தோன்றுதல், கடைசியில் நூலின் அட்டை. மொத்தம் இரண்டு நிமிடம். இப்போது மழைக்காலம் என்பதால் பாத்திகள் நீரில் மூழ்கிக் கிடக்கின்றன, அம்பாரங்களை ஓலை போட்டு மூடிவிட்டார்கள். ஆகவே கோடையில் தான் எடுத்துவைத்த பழைய காட்சிகளைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்கிறார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை. டிரெய்லரில் இடம்பெற வேண்டும் என்று நான் நினைக்கும் கவிதை இது:

கிணற்றடியில்
அம்மா கால் கழுவுகிறாள்.
ஒரு குடம் நீர்
போதவில்லை.
பகல் முழுவதும்
அவள் நின்ற கடல்
இன்னும் இறங்கவில்லை.

இதை வைத்து நீங்கள் என்ன செய்வீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

அச்சுமை எழுதியது, நவம்பர் 7

வாழ்த்துகள். நான் ஒரு சிறு பதிப்பகத்தில் வேலை செய்கிறேன். ஆண்டுக்கு நான்கைந்து கவிதை நூல்கள் கொண்டுவருகிறோம், ஒவ்வொன்றையும் முதலில் 300 படிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை. எனவே டிரெய்லரை நான் பார்க்கும் பார்வை அந்த 300 படிகளின் அளவிலானது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திரைப்படத்தின் டிரெய்லரை அப்படியே பார்த்துச் செய்வதில்தான் நம்மில் பலர் வழுக்கி விழுகிறோம். அங்கே ஒரு கதை இருக்கிறது, அந்தக் கதையின் முடிவை மறைத்து மீதியைத் துண்டு துண்டாகக் காட்டினால் பார்ப்பவருக்கு ஆவல் பிறக்கிறது. கவிதைத் தொகுப்பில் மறைப்பதற்குக் கதை இல்லை. ஐந்தாறு கவிதைகளிலிருந்து வரிகளைப் பிய்த்து எடுத்துக் கோத்தால் அவை எந்தக் கவிதையின் வரிகளாகவும் இராமல் வாழ்த்து அட்டை வாசகங்களாக மாறிவிடுகின்றன. நாங்கள் முதலில் செய்த டிரெய்லர் அப்படித்தான் இருந்தது. இரண்டு நிமிடம் நாற்பது விநாடி, ஒன்பது கவிதைகளிலிருந்து வரிகள், அழகான கடற்கரை. பின்னூட்டங்களில் இசை நன்றாக இருக்கிறது என்று எழுதினார்கள், கேமரா என்ன வகை என்று ஒருவர் கேட்டார், நூல் எங்கே கிடைக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த நூலுக்குக் கவிஞரே ஒரு முழுக் கவிதையை வாசித்தார், அவ்வளவுதான். ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அதை மக்கள் விளம்பரமாகக் கருதாமல் கவிதையாகவே எடுத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பினார்கள். கவிதை வாசிக்கும் பழக்கமே இல்லாதவரை எந்த டிரெய்லரும் வாங்கவைக்காது என்பது என் எண்ணம். ஏற்கெனவே கவிதை வாசிப்பவர்களுக்கு இப்படி ஒரு குரல் வந்திருக்கிறது என்று தெரிவிக்க மட்டுமே அதனால் முடியும், அதற்கு ஒரு முழுக் கவிதை போதும்.

பின்கட்டு எழுதியது, நவம்பர் 7

நான் கவிதை வாசகன், பள்ளியில் 26 ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன். டிரெய்லரே வேண்டாம் என்பது என் கருத்து, அதற்கான காரணத்தைச் சொல்கிறேன்.

குறுந்தொகையின் 40ஆவது பாடல் அனைவரும் அறிந்தது. ஐந்தே அடிகள். செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர் போல நெஞ்சங்கள் கலந்தன என்கிறது. பாடியவரின் இயற்பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை, அந்த உவமையைக் கொண்டே செம்புலப்பெயனீரார் என்று அவரை அழைக்கிறோம். இப்போது அந்தப் பாடலுக்கு ஒருவர் காணொளி செய்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். அவர் கட்டாயம் செம்மண்ணில் மழை பெய்வதைக் காட்டுவார். காட்டிய கணத்திலேயே அது ஏதோ ஒரு மாவட்டத்தின் மண், ஏதோ ஒரு நாளின் மழை என்று ஆகிவிடும். கேட்பவரின் மனத்தில் அவரவர் ஊர்ச் செம்மண்ணும் அவரவர் அறிந்த முதல் மழையும் எழுந்து வருவதற்கு இடமே இருக்காது. கவிதை காதின் வழியாக நுழைந்து கண்ணைத் தானே படைத்துக்கொள்கிறது. அந்த வேலையைக் கேமரா முந்திக்கொண்டு செய்துவிட்டால் வாசகருக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சாது.

உங்கள் கவிதை நல்ல கவிதை. அதை அச்சில் வாசிப்பவர் கடைசி அடியில் கால்களைப் பார்ப்பார், அந்தக் கால்களை அவர் தாமாகவே பார்க்கட்டும்.

வெட்டுமேசை எழுதியது, நவம்பர் 8

நான் தொழில்முறைப் படத்தொகுப்பாளர். பின்கட்டு ஐயா சொல்லும் ஆபத்து உண்மையானது. ஆனால் அதிலிருந்து நான் வேறு முடிவுக்கு வருகிறேன், அவர் துறையிலிருந்தே அதற்குச் சான்று தேடுகிறேன்.

தொல்காப்பியம் அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரிக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தின் மரம், பறவை, தொழில், உணவு எல்லாம் கருப்பொருள். மனித உணர்வின் ஒழுக்கம் உரிப்பொருள். கேமராவால் காட்டக்கூடியவை முதல் இரண்டும்தான். உரிப்பொருளைக் காட்ட முயலும் இடத்தில்தான் கவிதைக் காணொளிகள் கெடுகின்றன: சோகக் கவிதை என்றால் ஒரு பெண் சன்னலோரம் அமர்ந்து கண் துடைப்பாள், காதல் கவிதை என்றால் இரண்டு கைகள் கோத்துக்கொள்ளும். ஆகவே நான் எனக்கென்று வைத்திருக்கும் விதி, பொழுதைக் காட்டலாம், பொருளைக் காட்டலாம், உணர்வைக் காட்டக் கூடாது என்பதே.

இந்த விதியை உங்கள் கவிதையோடு வைத்துப் பார்க்கிறேன். அளத்திலிருந்து திரும்பி வந்து கால் கழுவும் நேரம், அதாவது பொழுது சாயும் எற்பாடு. உப்பு கருப்பொருள். இரங்கல் உரிப்பொருள். நீங்கள் திட்டமிட்டீர்களோ இல்லையோ, இது முறையான நெய்தல் பாட்டு. ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது, டிரெய்லரின் விடை முழுவதும் அதில்தான் உள்ளது. நெய்தலின் நிலமாகிய கடலைக் கவிதை ஆறாம் அடி வரைக்கும் சொல்லவே இல்லை. கிணற்றடி, அம்மா, குடம் என்று ஒரு வீட்டின் புறவாசலிலேயே நம்மை நிறுத்திவைத்து, ஆறாம் அடியில் திடீரென்று கடலை அங்கே கொண்டுவந்து சேர்க்கிறது. அந்தச் சொல் வரும் வரை பார்ப்பவர் கண்ணில் கடலோ அளமோ ஒரு கணம்கூடப் படக் கூடாது. ட்ரோன் காட்சியோடு தொடங்கினால் முதல் விநாடியிலேயே கடைசி அடியைச் செலவழித்துவிடுவீர்கள், அதற்குப் பிறகு அம்மா கால் கழுவுவது வெறும் தகவல். உங்கள் மனம் ஒப்பாமல் போனதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

1936இல் பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் திரைப்படப் பிரிவு இரவு அஞ்சல் ரயிலைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்தது. அதன் இறுதிப் பகுதிக்கு ஆங்கிலக் கவிஞர் ஆடன் கவிதை எழுதினார், பெஞ்சமின் பிரிட்டன் இசையமைத்தார். ரயில் சக்கரத்தின் ஓட்டத்தோடு கவிதையின் சந்தம் சேர்ந்து ஓடும். அங்கே படமும் சொல்லும் ஒன்றையொன்று நெருங்கிச் செல்ல முடிந்ததற்குக் காரணம், அந்தக் கவிதை அந்தப் படத்துக்காகவே எழுதப்பட்டது என்பதுதான். நம்முடைய நிலை வேறு. கவிதை முன்பே முழுமை பெற்றுவிட்டது. ஆகையால் படம்தான் விலகி வழிவிட வேண்டும்.

நான் செய்வதாக இருந்தால் ஒரே ஒரு காட்சியை எடுப்பேன். அந்தி வெளிச்சத்தில் கிணற்றடி, ஆள் இல்லை, கேமரா அசைவதில்லை, கல்லில் ஈரம் மட்டும் இருக்கிறது. மழைக்காலம் உங்களுக்குத் தடையாகாது, உதவியாகவே இருக்கும்.

கடற்கரைவீதி எழுதியது, நவம்பர் 8

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே நாங்கள் சிலர் சேர்ந்து கவிதை வாசிப்புகளைப் பதிவுசெய்து யூரியூப்பில் இடுகிறோம். எல்லோரும் படத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் ஒலியைப் பற்றிச் சொல்கிறேன். மங்கலான படத்தை மக்கள் பொறுத்துக்கொள்வார்கள், இரைச்சலான குரலை நான்கு விநாடிகூடப் பொறுக்கமாட்டார்கள்.

விலை கூடிய ஒலிவாங்கி தேவையில்லை. வீட்டில் துணிகள் நிறைந்த அலுமாரி உள்ள சிறிய அறையைத் தெரிவு செய்யுங்கள், துணி எதிரொலியை உறிஞ்சிவிடும். மின்விசிறியையும் குளிர்பெட்டியையும் நிறுத்திவிடுங்கள். கைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேராக அல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். அப்படி வைத்தால் ப போன்ற எழுத்துகளில் காற்று மோதும் சத்தம் குறையும். வாசிக்கத் தொடங்குவதற்கு முன் அரை நிமிடம் ஒன்றும் பேசாமல் அறையின் மௌனத்தைப் பதிவு செய்யுங்கள். பின்னால் இரைச்சலை நீக்குவதற்கும் அடிகளுக்கு இடையில் இடைவெளியைக் கூட்டுவதற்கும் அந்த மௌனம் தேவைப்படும், ஏனெனில் ஒலியே இல்லாத வெற்றிடத்தை அங்கே செருகினால் காதுக்கு உடனே தெரிந்துவிடும். ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளிலேயே இவ்வளவையும் செய்யலாம்.

வாசிப்பை வேறு யாரிடமும், குறிப்பாகக் கணினிக் குரலிடம், கொடுக்காதீர்கள். நாங்கள் ஒருமுறை முயன்று பார்த்தோம். சொற்களை அது ஒருவாறு உச்சரித்தது, ஆனால் அடி முடியும் இடத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது அதற்குத் தெரியவில்லை. ‘போதவில்லை’ என்பதற்குப் பிறகு வரும் இடைவெளிதான் உங்கள் கவிதையின் மூச்சு. உங்கள் ஊர்ப் பேச்சின் சாயல் குரலில் இருந்தால் அதைத் திருத்தவும் வேண்டாம்.

இசையைப் பற்றிக் கேட்டால், கிணற்றில் வாளி இறங்கும் சத்தமும் நீர் ஊற்றும் சத்தமும் போதும். புல்லாங்குழல் வந்தால் இது வேறொரு நாட்டுப்புறக் காட்சி ஆகிவிடும்.

பனிநகர் எழுதியது, நவம்பர் 9

ரொறன்ரோவில் வாழும் வாசகி நான். பின்கட்டு ஐயாவின் சொற்களை மதிக்கிறேன், ஆனால் அச்சில் வாசிக்கட்டும் என்று அவர் சொல்லும்போது என் மகளை நினைத்துக்கொள்கிறேன். அவளுக்குத் தமிழ் கேட்டால் முழுவதும் விளங்கும், பேசவும் செய்வாள், எழுத்துக் கூட்டி வாசிப்பது மட்டும் அவளுக்கு இன்னும் கடினம். இங்கே அவள் வயதுப் பிள்ளைகளில் பலரும் அப்படித்தான். ஒரு கவிதைத் தொகுப்பு அவளுக்கு மூடிய கதவு. அதே கவிதையை ஒருவர் வாசித்துக் கேட்டால், நம் பாட்டிமார் கேட்டதைப் போலவே அவளும் கேட்கிறாள். எங்களைப் பொறுத்தவரை கவிதைக் காணொளி விளம்பரம் அல்ல, கவிதை வந்துசேரும் வழிகளில் ஒன்று.

ஆகவே ஒரு வேண்டுகோள். காணொளியில் ஆங்கில மொழிபெயர்ப்பைப் படத்தின் மேலேயே எழுதிவிடாதீர்கள். தேவைப்படுவோர் மட்டும் திறந்துகொள்ளும் வகையில் தனி வசனக் கோப்பாக இணையுங்கள். தமிழ் வரிகளையும் அப்படியே இன்னொரு கோப்பாக இணைத்தால் காது கேளாதோருக்கும் உதவும். யூடியூப்பில் இரண்டு மொழிக்கும் தனித்தனிக் கோப்புகளை ஏற்ற முடியும்.

வெட்டுமேசை எழுதியது, நவம்பர் 9

எழுத்துகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. தமிழ்க் காணொளிகளில் மிக அதிகமாகக் கவனக்குறைவு நேரும் இடம் அதுதான், ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

எழுத்தெழுத்தாகத் தோன்றும் தட்டச்சு விளைவைத் தமிழில் பயன்படுத்தவே கூடாது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து என்பது ஒரு குறி. தமிழிலோ ‘கி’ என்ற ஓரெழுத்து கணினிக்குள் க என்றும் இகரக் குறி என்றும் இரண்டாக இருக்கிறது. மென்பொருள் அதை ஒவ்வொன்றாக வெளியிடும்போது முதலில் ‘க’ தோன்றி, பிறகு ‘கி’யாக மாறும். ‘கொ’ போன்ற எழுத்துகளில் குறி இரண்டு பக்கமும் முளைத்து முன்னே நின்ற எழுத்தைத் தள்ளிவிடும். மெய்யெழுத்து எல்லாம் முதலில் உயிர்மெய்யாக வந்து பிறகு தலையில் புள்ளி பெறும். வாசிப்பவர் கண் அந்தத் துடிப்பைத்தான் பார்க்குமே தவிரச் சொல்லைப் பார்க்காது. அடி அடியாக மெல்ல ஒளிரவிட்டு, மெல்ல மறையவிடுங்கள்.

அடுத்தது, சில படத்தொகுப்பு மென்பொருள்களின் பழைய பதிப்புகள் தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டத் தெரியாமல் கொம்பைத் தவறான பக்கத்தில் வைத்துவிடும். அப்படி நேர்ந்தால் மென்பொருளோடு போராட வேண்டாம். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரிகளை அமைத்து, பின்னணி இல்லாத படமாகச் சேமித்து, அதைக் காணொளியின் மேல் அடுக்குங்கள். எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை, முக்த மலர் ஆகியவற்றைப் பார்க்கலாம். மூன்றும் கட்டணமில்லாமல், வணிகப் பயன்பாட்டுக்கும் அனுமதியோடு கிடைக்கின்றன. கையெழுத்துப் போன்ற வளைவான எழுத்துருக்கள் கைபேசித் திரையில் ன, ண வேறுபாட்டை அழித்துவிடுகின்றன.

இன்னொன்று அகலம். செங்குத்தான காணொளியின் அகலம் 1080 படப்புள்ளிகள்தான். படிக்கும் அளவில் எழுதினால் ஓரடியில் பதினைந்து பதினாறு எழுத்துகளுக்கு மேல் வசதியாக இடம் கிடைப்பதில்லை. தமிழில் ஒரே சொல் பன்னிரண்டு எழுத்துகளைத் தாண்டிப் போவது இயல்பு, அப்போது மென்பொருள் தன் விருப்பப்படி அடியை உடைக்கும், கவிஞர் உடைத்த இடம் காணாமல் போய்விடும். எனவே டிரெய்லருக்குக் கவிதையைத் தேர்ந்தெடுக்கும்போதே குறுகிய அடிகள் உள்ளதைத் தேர்வது நல்லது. உங்கள் கவிதையின் மிக நீண்ட அடி இரண்டாவது அடி, அதற்கு இடம் இருக்கிறது. திரையின் அடிப்பகுதியில் மட்டும் எழுத்தை வைக்காதீர்கள். ஷார்ட்ஸிலும் ரீல்ஸிலும் அந்த இடத்தைத் தலைப்பும் பொத்தான்களும் மறைத்துக்கொள்ளும்.

அச்சுமை எழுதியது, நவம்பர் 10

உரிமை பற்றிச் சில குறிப்புகள். கவிதைகள் உங்களுடையவை என்றாலும், பதிப்பாளரோடு எழுதிய ஒப்பந்தத்தில் ஒலி, காட்சி வடிவ உரிமை யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். ஒப்பந்தமே எழுதவில்லை என்றால், டிரெய்லரை உங்கள் பக்கத்திலும் அவர் பக்கத்திலும் வெளியிட இருவருக்கும் சம்மதம் என்று ஒரு மின்னஞ்சலாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இசையில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். கீர்த்தனை 200 ஆண்டுப் பழமையானது, ஆகவே யாரும் பயன்படுத்தலாம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். கீர்த்தனைக்கு உரிமை இல்லை, ஆனால் அதை ஒருவர் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான பிறகு 60 ஆண்டுகள், எழுத்துப் படைப்புக்கு ஆசிரியர் மறைந்த பிறகு 60 ஆண்டுகள். திரைப்பாடலின் ஓர் இடையிசையைப் பத்து விநாடி வைத்தாலும் யூடியூப்பின் தானியங்கி முறை அதைக் கண்டுபிடித்துவிடக்கூடும். கடற்கரைவீதி சொல்லும் நீரின் சத்தம் இந்த வகையிலும் பாதுகாப்பானது.

ட்ரோன் பற்றியும் சொல்ல வேண்டும். துறைமுகம், அனல்மின் நிலையம், விமான நிலையம் மூன்றும் உள்ள ஊர் உங்களுடையது. 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் வான்பரப்பைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கின்றன. முதல் இரண்டிலும் அனுமதி பெறாமல் பறக்கவிட முடியாது. பழைய காட்சிகளில் வேலை செய்யும் பெண்களின் முகங்கள் தெரிந்தால் அவர்களுடைய சம்மதம் இல்லாமல் உங்கள் நூலுக்கு அவற்றைப் பயன்படுத்தாதீர்கள். அவர்களைப் பற்றி எழுதிய நூலின் முதல் அடையாளமே அவர்களைக் கேட்காமல் எடுத்த படமாக இருக்கக் கூடாது.

பின்கட்டு எழுதியது, நவம்பர் 10

பனிநகர் அம்மையாரின் மடலைப் படித்த பிறகு, டிரெய்லரே வேண்டாம் என்று நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். காதின் வழியாகக் கவிதை நுழைகிறது என்று எழுதிய நானே, கேட்க மட்டும் கூடியவர்களை மறந்துபோனேன்.

ஆனால் வெட்டுமேசையிடம் ஒரு கேள்வி. குரலும் எழுத்தும் ஒரே நேரத்தில் வருவது சரியா? கண் எப்போதும் குரலுக்கு முன்னால் ஓடிவிடுகிறது. ‘இன்னும் இறங்கவில்லை’ என்று கவிஞர் சொல்வதற்கு முன்பே பார்ப்பவர் அதைப் படித்து முடித்துவிட்டால் குரல் எதற்கு? எங்கள் காலத்துக் கவியரங்குகளில் ஓர் அடியைச் சொல்லி நிறுத்துவார்கள், அவையோர் ‘மறுபடியும்’ என்பார்கள், கவிஞர் அதே அடியை இரண்டாம் முறை சொல்வார். முதல் முறை சொல் கேட்கும், இரண்டாம் முறை பொருள் கேட்கும். ஏழு அடிக் கவிதையை ஏன் இரண்டு முறை தரக் கூடாது? முதல் முறை கிணற்றடியும் குரலும் மட்டும், எழுத்தே இல்லாமல். இரண்டாம் முறை வெற்றுத் திரையில் எழுத்து மட்டும், குரலே இல்லாமல்.

வெட்டுமேசை எழுதியது, நவம்பர் 10

ஐயா, இருபது ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கும் எனக்கு இது தோன்றவில்லை. ஒரு கவலை மட்டும் உண்டு. பலர் முகநூலில் ஒலியை அணைத்துவைத்தே பார்க்கிறார்கள். முதல் இருபது விநாடி எழுத்து இல்லாவிட்டால் அவர்கள் கடந்து போய்விடுவார்கள். அதற்காக ‘ஒலியோடு கேட்கவும்’ என்று தொடக்கத்தில் ஒரு சிறு வரி வைக்கலாம். அதையும் மீறிப் போகிறவர்கள் போகட்டும் என்பதே என் கருத்து, அச்சுமை வேறுபடக்கூடும்.

அச்சுமை எழுதியது, நவம்பர் 11

வேறுபடுகிறேன். தொடக்கத்தில் அந்த வரியோடு கவிஞரின் பெயரும் நூலின் பெயரும் இருக்கட்டும். ஒலியில்லாமல் பார்த்து மூன்று விநாடியில் கடந்து போகிறவருக்கும் ஒரு நூல் வருகிறது என்ற செய்தி போய்ச் சேர்ந்துவிடும். மற்றபடி இந்த அமைப்பு எனக்கும் சம்மதமே.

முதல்தொகுப்பு எழுதியது, நவம்பர் 19

அனைவருக்கும் நன்றி. இந்தப் பத்து நாள்களில் நடந்ததைச் சொல்கிறேன்.

கடல் வரும் வரை கடல் கண்ணில் படக் கூடாது என்று வெட்டுமேசை எழுதியதை ட்ரோன் வைத்திருக்கும் அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். அவர் வருத்தப்படவில்லை. சிறிது நேரம் யோசித்துவிட்டு, அப்படியானால் நான் வேறு வேலை செய்கிறேன் என்று சொல்லித் தன் திருமணப் பதிவுக் கருவிகளில் இருந்த நல்ல ஒலிவாங்கியைக் கொண்டுவந்து, கிணற்றுக் கப்பியின் கிறீச்சொலியையும் கல்லில் நீர் விழும் சத்தத்தையும் விடியற்காலை ஐந்து மணிக்கு, தெருவில் வண்டிகள் கிளம்புவதற்கு முன்பாக, பதிவு செய்து தந்தார். படம் அந்தியில் எடுத்தது, ஒலி விடியலில் எடுத்தது. சேர்த்துக் கேட்டால் வேறுபாடு தெரியவில்லை.

குரலை அலுமாரி அறையில் பதினோரு முறை பதிவு செய்தேன். முதல் சில முறைகளில் ‘இறங்கவில்லை’ என்ற சொல்லில் குரலைத் தாழ்த்திச் சோகமாக்கினேன். அங்கேயும் உரிப்பொருளை நானே காட்டுகிறேன் என்பது பிறகுதான் விளங்கியது. நேற்று என்ன குழம்பு என்று கேட்டால் பதில் சொல்வதைப் போலச் சாதாரணமாகச் சொன்ன ஒன்பதாவது பதிவைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

முதல் வடிவத்தை அம்மாவிடம் காட்டினேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முழுவதும் பார்த்துவிட்டு, ‘குடமின்னு சொல்லுற, வாளியில்ல கெடக்கு’ என்றார். சரிதான். காட்சியின் ஓரத்தில் நீல நிற பிளாஸ்டிக் வாளி ஒன்று இருந்தது, நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் மாலை வாளியை எடுத்துவிட்டு மீண்டும் எடுத்தோம். குடத்தையும் வைக்கவில்லை.

இப்போதுள்ள வடிவம் இது. தொடக்கத்தில் மூன்று விநாடி நூலின் பெயரும் என் பெயரும் ‘ஒலியோடு கேட்கவும்’ என்ற வரியும். பிறகு கிணற்றடி, நீரின் சத்தம், குரல், 24 விநாடி. பிறகு காட்சி மறைந்து, சாம்பல் நிறத் திரையில் கவிதை அடி அடியாக, ஒலி இல்லாமல், 22 விநாடி. கடைசி அடி மட்டும் நான்கு விநாடி கூடுதலாக நிற்கிறது. இறுதியில் ஏழு விநாடி அட்டைப்படம், பதிப்பகத்தின் பெயர், விலை, முன்பதிவுக்கான எண். மொத்தம் ஒரு நிமிடம். ஒரே ஒரு ஐயம்: அட்டைப்படத்தில் உப்பளத்தின் ஒளிப்படம் இருக்கிறது. அது கவிதைக்குப் பிறகுதான் வருகிறது, இருந்தாலும் உறுத்துகிறது.

வெட்டுமேசை எழுதியது, நவம்பர் 19

உறுத்த வேண்டியதில்லை. கவிதை முடிந்த பிறகு அளம் வருவது சரியான இடம். கேட்டவர் தாமாக அடைந்த கடலை அட்டை உறுதி செய்யும், அவ்வளவே. ஆனால் யூடியூப்பில் காணொளியின் முகப்புப் படமாக அட்டையை வைக்காதீர்கள், வைத்தால் முன்வாசல் வழியாகக் கடல் வந்துவிடும். ஈரக் கல்லின் படத்தையே வையுங்கள். வாட்ஸ்அப் நிலைத்தகவலுக்கு முதல் பாதியைத் தனித் துண்டாக வெட்டி அனுப்புங்கள், அதில் பெயர்களும் குரலும் இருந்தால் போதும்.

பனிநகர் எழுதியது, நவம்பர் 20

ஆங்கில வசனக் கோப்பை நான் மொழிபெயர்த்துத் தருகிறேன். ‘இறங்கவில்லை’ என்ற சொல்லில் நீர் வடிவதும் உண்டு, சுமை இறங்குவதும் உண்டு. இரண்டையும் தாங்கும் ஆங்கிலச் சொல் கிடைக்க இரண்டு நாள் கொடுங்கள்.

முதல்தொகுப்பு எழுதியது, நவம்பர் 20

இரண்டு நாள் என்ன, ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள், அக்கா. டிசம்பர் 15 அன்று வெளியிடலாம் என்று பதிப்பாளர் சொல்லியிருக்கிறார். ஒலிப்பதிவு என்று அண்ணனின் பெயரையும், தமிழிலும் ஆங்கிலத்திலும் வசனக் கோப்பு என்று உங்கள் பெயரையும் காணொளியின் கீழே எழுதுகிறேன்.